பக்குவமாகச் சொல்ல வேண்டிய செய்தி

பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை ஐயா. கொஞ்சம் ரேம் கூட்டி, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பன்னிரண்டு வருடப் பழசும் இன்னும் ஐந்து வருடம் ஓடும். பிஷ்கெக் சந்தையில் ரிப்பேர்க் கடை வைத்து இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது.

சலிமா அக்கா கொண்டுவந்தது அவர் மகன் திலெக் விட்டுப்போன மடிக்கணினி. அவன் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம். "தம்பி, இதுல அவன் மூஞ்சி தெரியறதுக்குள்ள என் டீ ஆறிப்போகுது. கொஞ்சம் வேகமா ஆக்கிக் குடு," என்றார்.

புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து, இணையத்தில் இணைத்துப் பார்த்தேன். அப்போது அக்காவின் கணக்குக்கு ஒரு செய்தி வந்தது. திலெக்கின் கூட்டாளி ஜானிஷ் எழுதியிருந்தான். திலெக் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான்; உடல் பிணவறையில் இருக்கிறது; பதினான்கு நாளுக்குள் வீட்டார் கையெழுத்து வராவிட்டால் அங்கேயே புதைத்துவிடுவார்கள்; படிப்பவர் யாரானாலும் பெரியவர்களைக் கூட்டிப்போய் அம்மாவிடம் சொல்லுங்கள்.

நம் கிர்கிஸ் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவுச் செய்தியை மொட்டையாகச் சொல்லமாட்டோம். வயதானவர்கள் நாலு பேர் போய் உட்கார்ந்து, சுற்றிவளைத்துப் பேசி, அப்புறம்தான் சொல்வார்கள். ரிப்பேர்க்காரன் எனக்கு என்ன தகுதி? அதுவரை மறைத்து வைப்பதுதான் மரியாதை என்று அந்தச் செய்தியை அழித்துவிட்டேன்.

மறுநாள் அக்கா வந்து, திரை சட்டென்று விழித்ததைப் பார்த்துச் சிரித்தார். அதைக் கெடுக்க எனக்குத் தெம்பில்லை. வீட்டில் பெரியவர் யாராவது உண்டா என்று கேட்டேன். கொழுந்தனார் காரா-பால்டா ஊரில் இருப்பதாகச் சொன்னார். முகவரி வாங்கிக்கொண்டேன். போகவில்லை. இடுப்பு வலி, கடையில் வேறு வேலை குவிந்து கிடந்தது.

பழைய டிஸ்க்கைக் கேட்டார். கெட்டுவிட்டது என்று சொல்லி நானே வைத்துக்கொண்டேன். அதில் தாய், மகன் இருவர் கணக்கும் திறந்தபடியே இருந்தன. போன் உடைந்துவிட்டது, இனி எழுதுகிறேன் அம்மா என்று திலெக் பெயரில் எழுதினேன்.

ஜானிஷ் விடவில்லை. அக்கா கண்ணில் படும் முன்பே அவன் செய்திகளை அழித்தேன். ஒன்பதாம் நாள், பையன்கள் எல்லோரும் சேர்ந்து உடலை ஊருக்கு அனுப்புகிறோம், கையெழுத்து மட்டும் போதும் என்று கெஞ்சினான். உடல் வந்தால் அக்கா என்ன ஆவார் என்று யோசித்தேன். தாயின் பெயரில் பதில் எழுதினேன்: அங்கேயே புதைத்துவிடுங்கள்.

புதைத்துவிட்டார்கள். பெயர் இல்லை, எண் மட்டும்தான் என்று ஜானிஷ் எழுதினான். அதன்பின் அவனைத் தடுத்துவிட்டேன்.

பதினோரு மாதம் வாரம் தவறாமல் எழுதினேன். களைப்பான வேலை ஐயா. வெள்ளிக்கிழமைகளில் அக்கா பொரித்த ரொட்டி கொண்டுவந்து, நான் எழுதியதை எனக்கே படித்துக் காட்டுவார். "முன்னெல்லாம் ரெண்டு வார்த்தைக்கு மேல பேசமாட்டான் தம்பி. இப்பத்தான் அவனுக்கு எம்மேல பாசம் வந்திருக்கு," என்று ஒருநாள் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஜானிஷ் ஊர் திரும்பிக் கொழுந்தனாரைப் பார்த்ததால்தான் நான் இந்தக் காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நான் சொன்னது எல்லாம் உண்மை, கையெழுத்துப் போடுகிறேன். இன்று பெரியவர்கள் அக்காவிடம் சொல்லப் போகிறார்களாம். முடிந்தால் என்னையும் அழைத்துப் போங்கள். அவர்கள் பாட்டுக்குப் போட்டு உடைத்துவிடுவார்கள். அக்காவின் மனசு நோகாமல் சொல்ல என்னால்தான் முடியும்.