கடைசிப் பதினாறு பக்கங்கள்

அன்று அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். வழிகாட்டிப் பேராசிரியர். துறைத் தலைவர். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு உட்கார்ந்திருந்த பெண். பின்வரிசையில் அவளுடைய அப்பா, பேருந்து ஓட்டுநர்; மதியம் வண்டி எடுக்க வேண்டும் என்று சீருடையிலேயே வந்திருந்தார். அப்புறம் நான், கையில் புத்தகத்தோடு. மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

நான் நூலக ஊழியன். இரவில் வாசிப்புக் கூடத்துக்குக் காவல். மாலை நான்கு முதல் ஆறு வரை அரிய நூல் அறை. மாணவர்கள் என்னை ஆந்தை என்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆந்தை ஆவதற்கு முன்னால் நானும் அதே துறையில், அதே பேராசிரியரிடம் ஸ்பானிஷ் நாவல்களைப் பற்றி ஆய்வு செய்தவன். நான்கு வருடம் இருந்துவிட்டு முடிக்காமல் வந்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன்பு, அந்தத் தேர்வை அடுத்து நடந்த விசாரணையில் எனக்கு ஸ்பானிஷ் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது தூரதேசத்து நூலகம் ஒன்று அந்த நாவலின் முதல் பதிப்பை இணையத்தில் ஏற்றிவிட்டதால் நீங்கள் மறுபடி விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். தெரியும்.

நாவலின் கதை சின்னது. துறைமுக ஊர் ஒன்றில் தந்தி அலுவலக எழுத்தர். ஒருவன் இறந்துவிட்டதாக அவர் ஒரு பொய்த் தந்தி எழுதுகிறார். அதை நம்பி ஒரு குடும்பம் சிதைகிறது. கடைசியில் அவர் எதுவும் சொல்லாமல் ரயில் ஏறிப் போய்விடுகிறார். இன்று கடையில் கிடைக்கும் எல்லாப் பதிப்பும் அந்த ரயிலோடு முடிகிறது. எங்கள் பேராசிரியர் முப்பது வருடமாக அந்த மௌனத்தைப் பற்றித்தான் எழுதினார். மௌனமே அந்த நாவலாசிரியரின் கலை, அவர் ஒரு வரியைக்கூட மாற்றாதவர் என்பது அவர் கட்சி. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயரும் மௌனம்தான். வாயைத் திறந்தால் மூட மாட்டார்.

முதல் பதிப்பு அப்படி முடியவில்லை. அதில் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. எழுத்தர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார். ஆசிரியர் பிறகு அதை எடுத்துவிட்டார். மாணவனாக இருந்தபோது எங்கள் நூலகப் பிரதியில் அதை நான் படித்தேன். பேராசிரியரின் அறை வாசல் வரை மூன்று முறை போனேன். மூன்றாவது முறை அவரே வெளியே வந்து, "புதுசா சொல்றதுக்கு முன்னாடி பழசை ஒழுங்கா சொல்லக் கத்துக்கோப்பா" என்றார். நான் என்ன சொல்ல வந்தேன் என்றே அவருக்குத் தெரியாது. அந்த மாதமே படிப்பை விட்டேன்.

அந்தப் பெண் என் அறைக்கு வர ஆரம்பித்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு வருடம். அதே நாவலின் பிந்தைய பதிப்பை வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தாள். ஒருநாள், "முதல் பதிப்பையும் ஒரு தடவை பாத்துடுங்கம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நான்காம் நாள் முகமெல்லாம் வெளிச்சமாக என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, போட்டோ எடுத்துக்கட்டுமா? நாலு பக்கம்தான்."

"போட்டோவுக்கு விதியில இடம் இல்லம்மா. எழுதிக்கலாம்."

விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. பென்சிலால் அந்த அத்தியாயம் முழுவதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒன்பது மாலைகள். பிறகு நான் எழுதாததை எழுதினாள்: அந்த மௌனம் கலை இல்லை, பயம், ஆசிரியர் ஒப்புதலை எழுதிவிட்டுப் பயந்து எடுத்திருக்கிறார் என்று.

ஆய்வேட்டின் பிரதியைத் தேர்வுக்குப் பத்து நாள் முன்பு நூலகத்தில் வைத்தார்கள். நன்றிப் பக்கத்தில் பேராசிரியருக்கு ஒரு பத்தி. அப்பாவுக்கு ஒரு பத்தி. கடைசி வரி: அரிய நூல் அறை ஊழியருக்கும் நன்றி. அதற்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அவ்வளவு அற்பமானவன் இல்லை நான்.

தேர்வாளர் மூலப் பிரதியைப் பார்க்க விரும்புகிறார் என்று துறையிலிருந்து சீட்டு வந்தது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, சாவியை ஒப்படைக்கும் முன்பு, புத்தகத்தை எடுத்தேன். பழைய புத்தகங்களைப் பதினாறு பதினாறு பக்கமாக மடித்துத் தைத்திருப்பார்கள். அந்த அத்தியாயம் பதினான்கு பக்கம், பொருளடக்கம் ஒன்று, அச்சகக் குறிப்பு ஒன்று. ஸ்பானிஷ் புத்தகங்களில் பொருளடக்கம் கடைசியில்தான் வரும். ஆகவே எல்லாம் ஒரே மடிப்பில் இருந்தன. ரயில் அத்தியாயம் முந்தைய மடிப்பின் கடைசி வரியில் முற்றுப்புள்ளியோடு முடிந்தது. பிளேடால் நான்கு இடத்தில் தையல் நூலை அறுத்தால் போதும். கிழிசல் இல்லை, வெட்டிய ஓரம் இல்லை. பின்னட்டைத் தாளைப் பசை போட்டு மறுபடி ஒட்டினேன். இருபது நிமிடம். நூலகப் பதிவேட்டில் பக்க எண்ணிக்கைக்கான கட்டம் முன்பே காலியாக இருந்தது. அதை நான் அழிக்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியரே எடுத்துவிட்டதைத்தானே நானும் எடுத்தேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நாள் அது உதவியது.

தேர்வன்று அந்த அறையில் தேர்வாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். "இதோட முடிஞ்சிடுதே. நீங்க சொல்ற அத்தியாயம் எங்கம்மா?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். இரண்டு முறை புரட்டினாள். "மேடம், இதுல பொருளடக்கமே இல்ல. இருந்துச்சு. அது இல்லாம எப்படி?"

"சின்னப் பதிப்பகம். போடாம விட்டிருப்பான்" என்றார் பேராசிரியர், தலை நிமிராமல்.

"போட்டோ இருக்கா?" என்றார் துறைத் தலைவர்.

"எடுக்க விடல சார். கையால எழுதியிருக்கேன்."

"கையால யார் வேணா என்ன வேணா எழுதலாம்."

பின்வரிசையில் அப்பா எழுந்தார். "சார், நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. எம்பொண்ணு பொய் சொல்ல மாட்டா. பள்ளிக்கூடத்துல மார்க்கைக்கூட ரெண்டு கம்மியாத்தான் சொல்லுவா."

"உக்காருங்க பெரியவரே. நடுவுல நிறுத்த இது பஸ் இல்ல" என்றார் பேராசிரியர்.

யாரோ லேசாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மற்ற எதைவிடவும் அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்குவதில்லை.

தேர்வாளர் நியாயமானவர். என் பக்கம் திரும்பினார். "இந்தப் பிரதி எப்பவும் இப்படித்தான் இருந்துச்சா?"

அவள் என்னைப் பார்த்தாள். பயமே இல்லாமல் பார்த்தாள். அண்ணாவுக்குத் தெரியும் என்ற பார்வை.

"பத்து வருஷமா நான்தான் மேடம் பாத்துக்கறேன். இப்படித்தான் இருக்கு."

இல்லாத ஆதாரத்தை உருவாக்கினாள் என்று தீர்ப்பானது. பட்டம் இல்லை, வேறெங்கும் பதிவு செய்யவும் முடியாது. பிரதி இருந்த வேறு இரண்டு நூலகங்களுக்குத் துறையிலிருந்து கடிதம் போட்டார்கள், பதில் வரவில்லை. அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டீர்கள், தெரியாது என்றேன். தெரியும். ஒரு கூரியர் கடையில் முகவரி எழுதுகிறாள். அந்தத் தெருவுக்குள் நான் போவதில்லை.

அந்தப் பதினாறு பக்கங்களும் என் வீட்டில் இருக்கின்றன. அவளுடைய நோட்டும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். எங்காவது ஒரு பிழை கிடைத்தால் போதும் என்றிருந்தது. ஒரு புள்ளிகூட விடவில்லை அவள்.

நோட்டு என்னிடம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு நடந்த அன்று மாலை நுழைவு அட்டையைத் திருப்பித் தர என் அறைக்கு வந்தாள். பதினாறு பக்கங்களும் மேசைக்கு அடியில் என் பைக்குள் இருந்தன.

"அண்ணா, நீங்க அந்தப் புத்தகத்தை முழுசா படிச்சிருக்கீங்களா?"

"எனக்கு ஏதும்மா அந்த பாஷை."

தலையாட்டினாள். "நானா எழுதிட்டேனோன்னு தோணுதுண்ணா. ராத்திரி பகலா அதையே நினைச்சுட்டு இருந்தேன்ல. நானே எழுதிட்டு, படிச்சதா நினைச்சுக்கிட்டேனோ."

நான் அட்டையை வாங்கிப் பெட்டியில் போட்டேன்.

நோட்டை மேசைமேல் வைத்தாள். "இது இங்கயே இருக்கட்டும். வீட்டுல வச்சா அப்பா எடுத்து எடுத்துப் பாப்பார். ஒரு எழுத்து தெரியாது அவருக்கு. ஆனாலும் பாப்பார்."

"சரிம்மா. பாத்துப் போங்க."

அவள் கதவை நோக்கி நடந்தாள். திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டிருந்தால் கட்டாயம் சொல்லியிருப்பேன். மணி ஐந்தே முக்கால். ஆறு வரை அறை திறந்திருக்க வேண்டும். அவள் வெளியே கால் வைத்ததும் கதவைச் சாத்தி, உள்ளிருந்து பூட்டினேன்.