குழாயடித் தலைவிக்கு மாலை

காலை ஒன்பது பத்துக்கு இன்சீன் போகும் சுற்று ரயில் குலுங்கி நடுவழியில் நின்றது. பதறி மகளை அணைத்துக்கொண்டேன். எதிரே மடியில் மாலையோடு இருந்த பெண்மணி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“செத்தவங்களுக்குக்கூட என்னைத்தான் பிடிக்கும்.”

“அந்தக் காலத்துல மாதர் சங்கத் தலைவி முனிசிபாலிட்டியோட மல்லுக்கட்டி நம்ம தெருவுக்குக் குழாய் வாங்கினாங்க. நீங்க என்னக்கா வாங்கினீங்க?”

“இன்னைக்கு அவங்க நினைவு நாளாச்சே, அவங்க படத்துக்கு மாலை வாங்கினேன். நான்தான் போடுவேன்.”

“போன வருஷமும் நீங்கதான். படத்துல அவங்க முகமே தெரியாம மாலையால மூடிட்டீங்க.”

“மா சுமதி,” என்று பர்மியர் வழக்கப்படி ‘மா’ சேர்த்து அழைத்தாள், “விழா போட்டோவுல நீ விழலைன்னுதானே எரிச்சல்?”

ஒரு மணி நேரம் தாமதமாக இன்சீனில் இறங்கினோம். மாதர் சங்கச் செயலாளர் மாலைக்காரப் பெண்மணியிடம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“குழாயடியில விழா முடிஞ்சுதுக்கா. தண்ணி பிடிக்க வந்தவங்களே ஆளுக்கொரு பூ வச்சிட்டாங்க. இந்த வருஷம் முகம் நல்லாத் தெரியுது.”