பி.ஆர்.பி.யே போதும் கண்ணு

மலையில் நல்ல மீன் கிடைப்பதில்லை, ஐயா. எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வருவதற்குள் அதன் கண் வெளுத்துவிடும். அதனால் கீழே ஊருக்குப் போனால் நானே பார்த்து வாங்கி வந்து, அன்றைக்கே குழம்பு வைத்து, பக்கத்து வீட்டு ஜெனிபருக்கும் ஒரு கிண்ணம் கொடுப்பேன். அவள்மேல் எனக்கு வெறுப்பில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் ரோஸ்லின். இங்கே அரசு சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்பவள். ஜெனிபர் போன ஜூனில் மாற்றலாகி வந்த டீச்சர். இருபத்தாறு வயது. கன்னமெல்லாம் பருத் தழும்பு. மே மாதம் கல்யாணம்.

என் கணவர் மோகன்ராஜ் யூனியன் ஆபீஸ் கிளார்க். பஸ் வராத நாளில் அவளைப் பைக்கில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போவார். அதற்குமேல் ஒன்றுமில்லை, நானே விசாரித்துவிட்டேன். ஒருநாள் சாப்பிடும்போது, "டீச்சருக்கு அந்தத் தழும்பு மட்டும் போயிருச்சுன்னா மூஞ்சி அம்சமா இருக்கும்" என்றார். "என் மூஞ்சிங்க?" என்றேன். "ஒன்னைய இனி எவன் பாக்கப் போறான்?" என்று சிரித்தார். வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைக்கவில்லை.

பிப்ரவரியில் அவள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏனுங்க்கா, நம்ம ரத்தத்தையே எடுத்து மூஞ்சியில ஊசி போடறாங்களாமா. பி.ஆர்.பி.யா, பி.ஆர்.எஃப்.பா, எதுங்க்கா நல்லது?"

இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரத்தத்தை மெஷினில் சுற்றவிட்டால் சிவப்பு அடியில் இறங்கும், மஞ்சள் நீர் மேலே நிற்கும். அதைத்தான் கன்னத்தில் போடுவார்கள். பி.ஆர்.எஃப்.பில் மருந்து சேர்ப்பதில்லை, அதனால் சீக்கிரம் உறைந்துவிடும்; எடுத்த கையோடு அவள் கண்ணெதிரிலேயே போட்டாக வேண்டும். பி.ஆர்.பி. குழாயில் உறையாமலிருக்க மருந்து உண்டு. காலையில் எடுத்தது மத்தியானம் வரை காத்திருக்கும்.

"மருந்து கலக்காததுதானுங்க்கா நல்லது?"

"பி.ஆர்.பி.யே போதும் கண்ணு. ஒன் ரத்தந்தானே, ஒன்னும் பண்ணாது. நானே போட்டுடறேன்."

"நீங்க சொன்னாச் சரிங்க்கா."

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலையில் ஓர் ஊசி என் விரலில் குத்திவிட்டது. பிறகு என் ரத்தத்தை நானே சோதித்தேன். ஹெபடைடிஸ் பி, ஈரலைக் கெடுக்கிற கிருமி. யாரிடமும் சொல்லவில்லை. அவர் என்னைத் தொட்டே ஐந்து வருஷமாகிறது, சொல்ல அவசியம் வரவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை காலையில், சுகாதார நிலையத்தில், என் கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சுற்றவிட்டு வைத்தேன். மத்தியானம் அவளிடமும் எடுத்துச் சுற்றவிட்டேன். அவள் முகம் கழுவப் போனாள். மஞ்சள் நீர் எல்லோருக்கும் ஒரே நிறம்தான். அவளுடையதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, என்னுடையதை அவள் இரண்டு கன்னத்திலும் போட்டேன். "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டுக் கேட்டுத்தான் போட்டேன். வேறு எந்த நோயாளியின் ரத்தத்தையும் நான் தொடவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தழும்பு மங்கியது. "டீச்சரு மூஞ்சி பளபளன்னு ஆயிருச்சே" என்று அவரே சொன்னார். அன்றைக்கு எனக்கு இரண்டு வாய்ச் சோறு கூடுதலாக இறங்கியது.

ஏப்ரல் கடைசியில் அவள் கண் மஞ்சளானது. பத்தே நாளில் ஈரல் போய், சேலம் ஆஸ்பத்திரியில் இறந்தாள். கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சேலையைத்தான் அவள் அம்மா கட்டிவிட்டார்.

பெட்டியை மூடுவதற்கு முன் மோகன்ராஜ் அந்தக் கன்னத்தைத் தொட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். இருபது வருஷத்தில் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் கன்னத்தில் இருந்தது என் ரத்தம், ஐயா. அவர் எனக்காகத்தான் அழுதார்.