டிவோஸ் கேட்டுப் போன கதை

அட, நல்லாருக்குன்னு நான் சொன்னது ஒன் சேலைய இல்லமா. கோயில்ல தாலி கட்றதுக்கு முன்னாடியே இந்த ஆபீசுக்கு வந்து கல்யாணத்த ரெஜிஸ்தர் பண்றீங்க பாரு, அதச் சொல்றேன். ஒங்கம்மா சொல்லிக் குடுத்தாங்களா? மாப்பிள்ளையா? பரவால்லையே, அப்ப நல்ல பையன்தான்.

எங்க காலத்துல யாரு சொன்னா? எஸ்டேட் கோயில்ல தாலி கட்டுனாரு. எஸ்டேட்டு கணக்கெழுதுற கிராணி ஆபீசுக்குக் கூப்ட்டு, பெரிய பொஸ்தகத்துல ரெண்டு பேர் பேரையும் எழுதி, லயத்துல ஒரு வீடு குடுத்தாரு. சரி, கவர்மெண்டே நம்ம கல்யாணத்த எழுதிக்கிச்சுன்னு நெனச்சிக்கிட்டோம்! சிரி, சிரி. அது வீடு குடுக்க எழுதுனதுலா. புள்ள குட்டியும் இல்லையா, கல்யாண சர்ட்டிபிகேட்டு, அந்த சர்ட் எங்கன்னு எவனும் கேக்கல. இருவது வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு.

எப்பத் தெரிஞ்சிச்சா? டிவோஸ் கேட்டுப் போனப்பதான்! ஆமாலா, டிவோஸ். எங்க வீட்டுக்காரரு காய்கறி லோரி ஓட்றாரு. ஈப்போவுல ஒருத்தியப் புடிச்சிக்கிட்டாரு. ஒத்து வரல, முடிச்சிக்கலாம்னாரு. போய்யான்னுட்டேன். ஆனா வீடு? கம்போங் ராஜாவுல வாங்குன வீடு, பேரு அவரு பேரு, பாதிக் காசு நான் மழையில நனஞ்சி தேயிலைக் கொழுந்து வெட்டுன காசு. விடுவேனா?

லோயரப் பாக்கப் போனேன். தனுஜான்னு சின்னப் பொண்ணு. சர்ட் குடுங்க ஆன்ட்டின்னுச்சு. நான் கல்யாண ஆல்பத்தத் தூக்கி வெச்சேன். பாவம், அது கடைசிப் பக்கம் வரைக்கும் பெரட்டிப் பாத்துட்டு, ஆன்ட்டி, சட்டத்துல ஒங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலன்னுச்சு.

இப்பச் சிரிக்கிறேன். அன்னைக்கி பஸ்ல அழுதுக்கிட்டேதான் வந்தேன். அவருக்கு ஆக்கிப் போட்டு, முதுகுக்குத் தைலம் தேச்சி, அவங்கம்மாவக் கடைசி வரைக்கும் தூக்கி எடுத்துப் பாத்தவ நான். நான் யாருமே இல்லையாம். அவரு நெனச்சா நாளைக்கே போயி அவளோட ரெஜிஸ்தர் பண்ணிக்கலாமாம், யாரும் தடுக்க முடியாதாம். சர்ட் இருந்தா பொண்டாட்டின்னு கோர்ட்டுல நின்னு வீட்டுல பங்கு கேக்கலாம், இல்லாட்டி ரொம்ப இழுக்கும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு.

அப்பறம் என்ன, காலையில தேத்தண்ணி குடுத்துக்கிட்டே அவருகிட்டச் சொன்னேன். டிவோஸ் வேணும்னா மொதல்ல ரெஜிஸ்தர் பண்ணணுமாம், இல்லாத கல்யாணத்த எப்பிடி ரத்து பண்றதுன்னு கேக்குறாங்கய்யான்னேன். ஒடனே சரின்னுட்டாரு.

பொய்யா? பொய்யில்லமா, லோயரு சொன்னதுதான். மீதிய நான் சொல்லல. அவரும் கேக்கல. எதுலயும் அவசரம் அந்த மனுசனுக்கு.

அந்த மீதியா? கிட்ட வா. ரெஜிஸ்தர் பண்ணிட்டா ரெண்டு வருஷத்துக்கு லேசுல டிவோஸ் கேஸு போட முடியாதாம். அதுவரைக்கும் ஈப்போக்காரியையும் ரெஜிஸ்தர் பண்ண முடியாது. நான் ஆற அமர வீட்டு விஷயத்தப் பாத்துக்குவேன். திரும்பி வான்னு கெஞ்சல தங்கச்சி, அந்த ஆசையெல்லாம் போச்சு. போறவரு, எனக்குக் கட்டுன தாலிக்கு மொதல்ல ஒரு மரியாத குடுத்துட்டுப் போவட்டும்.

என்னைக்கா? இன்னைக்கித்தான். அதோ, கவுண்டர்கிட்டப் புதுச் சட்டையோட நிக்கிறாரே, அவருதான். அடுத்த மாசமே டிவோஸ் முடிஞ்சிரும்னு இப்பவே பேனாவக் கையில எடுத்துக்கிட்டாரு பாரு.

எங்களத்தான் கூப்புடுறாங்க. இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கமா, கல்யாணம் பண்ணிட்டு வந்துர்றேன்.