மகள் பார்த்த மாப்பிள்ளை

ஞாயிறு காலை ஏழு நாற்பது. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் பஸ்ஸில், எனக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர். இருவருக்கும் ஐம்பது தாண்டியிருக்கும்.

“எம்மவ மாப்பிள்ளை பாத்துட்டாக்கா.”

“அவளுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே?”

“எனக்கு லா! அவரு போயி ஒம்பது வருசமாச்சு, தனியா இருந்தது போதும்மான்னுட்டா. நான் சரின்னே சொல்லல, அதுக்குள்ள லயத்து வீடுங்க பூரா வெத்தலை பாக்கு வச்சு கல்யாணத்துக்கு அழைச்சுட்டா!”

“அடிப்பாவி! அப்ப கல்யாணப் பொண்ணு நீ அடுப்படியில ஒளிஞ்சுக்க வேண்டியதுதான்!”

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள்.

“காய்கறி லோரி ஓட்டுறவரு. பதில் கேக்க அடுத்த ஸ்டாப்புல ஏறுறாரு. என்ன சொல்றதுன்னே தெரியலக்கா.”

அடுத்த நிறுத்தத்தில், மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் ஏறினார். அக்கா சட்டென எழுந்து பின்னால் போய்விட்டார். மற்றவர் ஜன்னலைப் பார்த்தபடியே, காலியான இருக்கையைக் கைத்துண்டால் துடைத்து வைத்தார்.