இரண்டு விரல் இடைவெளி

வெண்ணிலாவின் முதல் வருஷத் தெவசத்தன்று இரவு, அமிர்தி ஊரில் அவள் பிறந்த வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அவளைப் பெற்ற என் தம்பி கிருஷ்ணன். அவன் மனைவி மணியம்மாள். இளைய மகள் கோகிலவாணி. வாணியம்பாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் நண்பர் அமீனுல்லா. பிறகு நான், கிருஷ்ணனின் அண்ணன் புருஷோத்தமன். வெண்ணிலாவின் கணவன் ராஜ்குமார் இல்லை. அவனைக் கூப்பிடவில்லை.

மழை. கரண்ட் இல்லை. ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

"பெரிப்பா... அக்கா பேயா வர்றாளாமே? சந்தையில பேசிக்கிறாங்க" என்றாள் கோகிலவாணி.

மணியம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். நான் கையை எடுக்கச் சொன்னேன். கண்டவன் வாயில் கேட்பதைவிட என் வாயில் கேட்கட்டும்.

போன மாதம். இரவு ஒன்பது மணி. காவலூர் தாண்டி ஜமுனாமரத்தூர் போகிற சாலை. அமீனுல்லா வண்டி ஓட்டினார். இரண்டு பக்கமும் காடு... எதிரே ஒரு வண்டி இல்லை. பனி கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

ஏன் போனோம்? ராஜ்குமாருக்கு ஜமுனாமரத்தூரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ. அங்கே தன் செத்துப்போன மனைவியின் பேய் நடமாடுகிறதாம். மறுநாள் சந்தை நாள். ஊரே கூடியிருக்கும்போது பூசாரியை வைத்து வாசற்படியில் ஆணி அடித்து அவளை விரட்டப் போகிறானாம். காய்ச்சலில் போனாள் வெண்ணிலா, அதற்கு நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. வருஷம் திரும்புவதற்குள் இவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அதற்கும் வாய் திறக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணைச் சந்தைக் கூட்டத்தின் முன்னால் ஆணி அடித்து விரட்டுவதா?

ராஜ்குமார் ஸ்டுடியோவுக்குள் இல்லை. வாசலில், தெருவில், போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது ஆண்பிள்ளை!

"பெரிய மாமா... டிஸ்க்கெல்லாம் தானா நவுருது மாமா."

ஊர்க் கல்யாணங்கள் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கின்றன. வெண்ணிலா இருந்தவரை அவற்றை வெறும் பலகையில் நிறுத்தி வைப்பாள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. எதிரே சின்ன ஃபேன். கரண்ட் போனால் கம்ப்யூட்டர் பேட்டரியில் ஓடும், ஃபேன் ஓடாது. அப்போது ஒரு கல்யாண ஆல்பத்தின் அட்டைமூடியை எடுத்துக் கையாலேயே விசிறுவாள். இவன் நண்பர்களோடு நின்று சிரிப்பான். மலையே குளிருகிறது, டிஸ்க்குக்கு எதற்குக் காற்று என்பான்.

அவள் போன பிறகு அந்த மகா புத்திசாலி என்ன செய்தான் தெரியுமா? பனி ஈரம் படக்கூடாதென்று டிஸ்க்குகளைச் செங்கல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். கம்பளியால் சுற்றினான். மர பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான். ஒயருக்கு மட்டும் பின்னால் ஓர் ஓட்டை.

அமீனுல்லா தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாய்யா இது? ஓடுற டிஸ்க்கு சூடாவும். கொளந்தைக்குப் போத்துற மாதிரி போத்தி வச்சிருக்கே. ஒரு வாரத்துல வெந்துபூடுமே!"

"எட்டு மாசமா இப்டித்தான் பாய். ஒண்ணும் ஆவல."

"எப்டி ஆவாம போச்சி?"

"அதான்... காலைல தெறந்தா தனித்தனியா நிக்குது. கம்பளி மடிச்சிருக்குது. சாவி என் இடுப்புல..."

எனக்கு நம்பிக்கை இல்லை. குடித்துவிட்டு உளறுகிறான் என்று நினைத்தேன். நானே அடுக்கினேன். எப்போதும் இருக்கிற மூன்று, அன்றுதான் அவன் புதிதாகக் கொண்டுவந்த ஒன்று, ஆக நான்கு டிஸ்க். நானே சுற்றினேன், நானே பூட்டினேன். சாவி என் சட்டைப்பையில். இரவெல்லாம் ஏதோ கல்யாணம் காப்பி ஆக வேண்டுமென்று ராஜ்குமார் கம்ப்யூட்டரை ஓடவிட்டான். அடுத்த அறையில் உட்கார்ந்தோம்.

நள்ளிரவுக்குமேல் கரண்ட் போனது.

முதலில் வாசனை... தலைவலித் தைலம். நாளெல்லாம் திரையைப் பார்த்துக் கண் வலிக்கிறதென்று வெண்ணிலா பூசிக்கொள்வாளே, அது.

பிறகு சத்தம்.

சப்... சப்... சப்...

கெட்டி அட்டை காற்றை அடிக்கிற சத்தம். நிதானமாக. நடுவில் நிற்கும்... கை வலித்து மாற்றிக்கொள்கிற நேரம். மறுபடி... சப்... சப்...

ராஜ்குமார் என் காலைப் பிடித்துக்கொண்டான். நான் காலை இழுத்துக்கொண்டேன். அமீனுல்லா உதடு மட்டும் அசைய ஓதிக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்தபடியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுப் பெண் இருக்கிற இடத்தில் நான் ஏன் நடுங்க வேண்டும்?

விடிகிற நேரத்தில் சத்தம் நின்றது. பூட்டு போட்டபடியே இருந்தது. திறந்தேன்.

மூன்று டிஸ்க் நின்றுகொண்டிருந்தன. நடுவில் இரண்டு விரல் இடைவெளி. ஓடிக்கொண்டுதான் இருந்தன, விளக்கு மினுக்கியது. அமீனுல்லா தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

"அண்ணே... ஆத்துக் கல்லு மாதிரி சில்லுனு கீது."

நான்காவது நிற்கவில்லை. அது மட்டும் கம்பளிக்குள்ளேயே கிடந்தது. பிரித்தால் கருகின வாடை. டிக்... டிக்... டிக்... என்று அடித்துக்கொண்டது. பிறகு அடங்கிவிட்டது.

"அதுல இன்னா இருந்திச்சி?" என்றார் அமீனுல்லா.

ராஜ்குமார் தரையைப் பார்த்தான். "என்... ரெண்டாவது கல்யாணம் பாய்."

வெளியே சந்தைக்கு வந்த வண்டிகளின் சத்தம். பூசாரியும் வந்துவிட்டான், கையில் ஆணியும் சுத்தியலும்.

நான் ராஜ்குமாரைக் கேட்டேன். "அடிக்கச் சொல்லு. ஆனா ஒண்ணு, இன்னி ராத்திரியிலேர்ந்து எவன் விசிறுவான்? நீயா?"

அவன் மூன்று டிஸ்க்குகளையும் பார்த்தான். ஊர்க்காரர்கள் மூன்று பேரின் கல்யாணம், இன்னும் கொடுக்காதது. பூசாரியிடம் போய், "வாணாம்பா, நீ போய்ட்டு வா" என்றான். பேயைவிட வாடிக்கைக்காரனிடம்தான் அவனுக்குப் பயம் அதிகம். விசிற ஆள் இருந்தால் போதும், அது யாராக இருந்தாலும் சரி. இவனுக்குத்தான் எங்கள் பெண்ணைக் கொடுத்தோம்.

ஆனால் நான் விடவில்லை. பீரோக் கதவைக் கழற்றச் சொன்னேன். கம்பளியைத் தெருவில் எறிந்தேன். அவள் வைத்திருந்த பலகையைத் தேடி எடுத்து, அவள் வைத்த மாதிரியே வைக்கச் செய்தேன். கரண்ட் போனாலும் ஓடுகிற ஃபேன் ஒன்றை அமீனுல்லா மாட்டினார். "எங்க வூட்டுப் பொண்ணு உனக்குச் செஞ்ச வேலை போதும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன். அன்றிலிருந்து அங்கே ஒரு சத்தமும் இல்லை.

கோகிலவாணி மெழுகுவர்த்தியில் வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பொறாமையில அக்காதான் அந்தக் கல்யாணத்தை எரிச்சிட்டாளாம் பெரிப்பா. அப்டித்தான் சொல்றாங்க."

பொய். எங்கள் வீட்டுப் பெண்கள் எதையும் எரிக்கிறவர்கள் இல்லை. வெண்ணிலா அதைத் தொடவே இல்லை. அதற்கு மட்டும் விசிறவில்லை. அவ்வளவுதான்.