ஜன்னத் பீவி பால் கொடுத்த கன்று

சாயங்காலம் ஐந்தரை மணி. மெயின்லேண்டில் அந்நேரம் வெளிச்சம் பாக்கி இருக்கும். நம் தீவில் கும்மிருட்டு. ரங்கத் பஜாரிலிருந்து கடலுக்குப் போகிற மண் ரோடு... இரண்டு பக்கமும் காடு. அதில் அரிக்கேன் விளக்கோடு ஒரு பெண்பிள்ளை தனியாக நடக்கிறாள்.

பன்னீர்செல்வம், அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். கரண்ட் வருகிறபோது வரட்டும். சிரிக்கிறவன் இப்போதே சிரித்துவிடு. நடுவில் சிரித்தால் எழுந்து போய்விடுவேன், ஆமாம். இது நான் கட்டிய கதை இல்லை. ஹேடோ துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்குகிற மீரான் இருக்கிறானே, அவன் கூடப்பிறந்த தங்கைக்கு நடந்தது. அறுபத்தெட்டாம் வருஷம்.

ஜன்னத் பீவி என்று பேர். புருஷன் சிராஜுக்கு ரங்கத்தில் மளிகைக் கடை. கீழக்கரைக்காரர்கள். ஏழு வருஷம் பிள்ளை இல்லாமல், நாகூருக்கு நேர்ந்து பெற்ற ஒரே பிள்ளை சாகுல். அப்போது அவனுக்கு ஆறு மாதம்.

சிராஜுக்கு ஒரு கிறுக்கு உண்டு. கரையில் ஆமையோ பெரிய மீனோ ஒதுங்கிவிட்டது என்றால் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான், திரும்பக் கடலில் விட. கூடவே ஓடுகிறவர் ஆபீஸ் கிளார்க் ஜெகநாதன். யாரும் கூலி கொடுக்கவில்லை. சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

அன்றைக்கு ஒதுங்கியது ஆவுளியா. கடல்பசு என்பார்களே, அது. தாயும் கன்றும். தாய் செத்துவிட்டது. விலாவில் ஈட்டிக் காயம். மடியிலிருந்து மட்டும் பால் கசிந்துகொண்டே இருந்ததாம், மணலில் வெள்ளையாக... கறிக்கு வந்தவர்களைச் சண்டை போட்டு விரட்டிவிட்டு, இரண்டு பேருமாகத் தாயை மேட்டில் புதைத்தார்கள். கன்று உயிரோடு ஒரு குட்டையில் கிடந்தது. கடல்மட்டம் உயர்ந்து வெள்ளம் ஏறினால்தான் வெளியே விட முடியும். அதற்கு ராத்திரி எட்டு மணி ஆகும். ஈரச் சாக்கைப் போர்த்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். கன்று பசியில் கத்தியது. குருவிக் குஞ்சு மாதிரி... கீச்... கீச்... டின் பாலைக் கரைத்து ஊட்டினார்கள். துப்பிவிட்டது.

சேதி கடைக்கு வந்தது. ஜன்னத்துக்கு மனசு கேட்கவில்லை. "தூங்கு வாப்பா," என்று பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, பக்கத்து வீட்டு நீலாவதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அரிக்கேன் விளக்கோடு கிளம்பிவிட்டாள்.

கரைக்கு வந்தவள் மரத்துக்குப் பின்னால் போய், பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடை நிறையத் தன் பாலைப் பீய்ச்சிக்கொண்டு வந்தாள். சிராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் ஜன்னத்து. உன் பாலைக் குடிச்சா அது உன் புள்ளை ஆயிரும். நம்ம சாகுலுக்குக் கூடப்பொறப்பு ஆயிரும். மார்க்கச் சட்டம், வெளையாட்டு இல்ல."

"ஆகட்டுமே! ஒண்ணுக்கு ரெண்டு. தாயில்லாப் புள்ளை பசியில கெடக்கு, சட்டம் பேசுறீங்களே!"

"அரே சோடோ, சிராஜ் பாய். ஜான்வர்தானே," என்றார் ஜெகநாதன். விடுங்கள், மிருகம்தானே என்று.

துணியில் நனைத்து நனைத்து வாயில் வைத்தாள். கன்று குடித்தது. மூன்று பாலாடை. எட்டு மணிக்கு வெள்ளம் ஏறியது. கன்று துள்ளிக்கொண்டு போனது. ஜன்னத் அழுதே விட்டாள், சந்தோஷத்தில்.

திரும்பும்போது ஜெகநாதன் மேட்டைப் பார்த்தார். தாயைப் புதைத்த இடம்... குழியாகக் கிடந்தது. மணல் ஈரம். வெள்ளம் அந்த மேடு வரைக்கும் ஏறவே இல்லை. நாய் தோண்டியிருக்கும் என்று சொல்லி வேகமாக நடந்தார்.

வீட்டு வாசலில் நீலாவதி.

"என்ன ஜன்னத்து, இப்பத்தானே வந்து பிள்ளைக்குப் பால் குடுத்தே? அதுக்குள்ள எங்க போனே? கூப்பிடக் கூப்பிடப் பேசாமப் போற... தலையெல்லாம் சொட்டச் சொட்ட!"

ஜன்னத் உள்ளே ஓடினாள். வாசலிலிருந்து தொட்டில் வரை தண்ணீர். பாசி நாற்றம்... பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். உதட்டில் பால். தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

அன்றிலிருந்து பிள்ளை அவளிடம் பால் குடிக்கவில்லை. மாரில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கஞ்சியும் வேண்டாம், டின் பாலும் வேண்டாம். ஆனால் இளைக்கவில்லை. கன்னம் உப்பி, மொழுமொழுவென்று வளர்ந்தான். ஜன்னத்துக்குப் பால் கட்டிக் காய்ச்சல் கண்டது. "எம்புள்ளைக்கு யாரோ பால் குடுக்குறா, எம்புள்ளையை எடுத்துக்கிட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதிக் கயிறு கட்டினார். கதவுக்கு இரட்டைத் தாழ். பிள்ளையை நடுவில் போட்டு முழித்திருப்பார்கள்... வெள்ளம் ஏறுகிற நேரம் இரண்டு பேருக்கும் கண் செருகிவிடும். எழுந்து பார்த்தால் தரையெல்லாம் ஈரம்.

இரண்டு மாதம் பார்த்தான் சிராஜ். கடையைப் பூட்டினான். இந்தக் கடலே வேண்டாம், கீழக்கரையும் வேண்டாம், கடல் கண்ணில் படாத மதுரைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வோம் என்று மெட்ராஸ் கப்பலில் ஏறினார்கள். தங்கை இருந்த நிலைமைக்கு மீரானும் துணைக்குப் போனான்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. விரிப்பு காய்ந்து கிடந்தது. பிள்ளை பசியில் வீறிட்டு அழுதான். அழுகிறானே என்று ஜன்னத்துக்கு ஆனந்தம். "இன்னைக்கி பெத்த உம்மாக்கிட்டக் குடிப்பான் காக்கா, பாருங்க," என்று அண்ணனிடம் சொன்னாளாம்.

மூன்றாம் நாள் அந்தி. நாலு பக்கமும் தண்ணீர். டெக்கில் கம்பி ஓரமாக உட்கார்ந்து, முந்தானையால் மூடிப் பிள்ளையை அணைத்தாள். அவன் முந்தானையை விலக்கிவிட்டு, கம்பி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தான். அழுகை நின்றுவிட்டது. அதுவரை ஒரு வார்த்தை பேசியறியாத பிள்ளை... தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.

"உம்மா."

ஜன்னத் அவனை இழுத்து இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை இரண்டு கையையும் கீழே நீட்டினான்.

"உம்மா..."

"இங்கதான் இருக்கேன் வாப்பா," என்று பதில் வந்தது. ஜன்னத்தின் குரல்தான். அண்ணன்காரனுக்குத் தெரியாதா?

மீரான் அந்த நேரம் தங்கையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானாம். அவள் வாய் திறக்கவே இல்லை.